இருபத்தைந்தாம் தேதி அங்கே வேலை நாள்

கேள்வி:

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 66 வயது. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 63, அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவர். "கை கால் நல்லா இருக்கும்போதே ரெண்டு வருஷம் ஊழியத்துக்குக் கொடுக்கணும்" என்று இருவரும் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டோம். கடந்த ஆகஸ்டில் நிஜமாகவே எத்தியோப்பியாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். அடிஸ் அபாபாவில் ஒரு சபையின் வேதாகமக் கல்லூரியில் அப்பா ஆங்கிலம் சொல்லித் தருகிறார். அதே வளாகத்துப் பாலர் பள்ளியில் அம்மா உதவியாக இருக்கிறார். தங்க வீடு கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் கிடையாது, செலவுக்கு இருவருடைய பென்ஷன்.

இது அவர்கள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். வீடியோ காலில் அப்பா எப்போதும் "சூப்பரா இருக்கோம்" என்கிறார். அம்மா பேசும்போதே நடுவில் எழுந்து போகிறார், திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கிறது. டிசம்பர் 25 அங்கே விடுமுறையே இல்லையாம், அப்பாவுக்கு அன்றைக்கு வகுப்பு இருக்கிறதாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அண்ணன் கோபத்தில் இருக்கிறான். அண்ணி வேலைக்குத் திரும்பும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா இருப்பார் என்று நம்பியிருந்தார்கள். "பேரப்பிள்ளையைப் பாக்காம என்ன ஊழியம்?" என்கிறான். உறவினர்களும் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். டிக்கெட் போட்டு அவர்களைப் பத்து நாள் வரவழைக்கலாமா, அல்லது அரையாண்டு விடுமுறையில் நாங்கள் பிள்ளைகளோடு போய்விடலாமா? என் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. "தாத்தா ஊர்ல கிறிஸ்துமஸ் கிடையாதா?" என்று மகன் தினமும் கேட்கிறான். என்ன சொல்வது?

– ஒரு மகள், தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா அழுகிறார், அப்பா மறைக்கிறார், அண்ணன் கோபப்படுகிறான், மகன் கேட்கிறான் என்று எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான், 'நெஞ்சு அடைத்துவிட்டது' என்ற வரி. நான் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

ஊழியக் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. அதற்கு வெகுகாலம் முன்பே நான் ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்தில் இருந்தார்கள். நானும் தங்கையும் தமிழ்நாட்டில் விடுதியில் தங்கிப் படித்தோம். ஒரு டிசம்பரில் ரயில் டிக்கெட் கிடைக்காமல் அவர்கள் வரவில்லை. விடுதியில் எங்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. புதுத்துணி, கேக், கறிச்சாப்பாடு எல்லாம் இருந்தன. ஆனாலும் அதிகாலை ஆராதனையில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு அம்மா தன் மகளுக்கு ரிப்பன் கட்டிவிட்டதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. யாராவது கேட்டால், "அம்மா பாவம், அங்க தனியா இருப்பாங்க" என்றுதான் சொன்னேன். எனக்கு அம்மா வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஊழியத்துக்குப் போனவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது தப்பு என்று ஒன்பது வயதிலேயே எனக்குப் பதிந்திருந்தது.

இப்போது நீங்களும் ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைதான். விடுதியில் விடப்பட்ட குழந்தைகளைப் பற்றி நம் சபைகளில் கொஞ்சமாவது பேசுகிறார்கள். முப்பது, நாற்பது வயதில், கையில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் மகளுக்கும் அதே ஏக்கம் வரும் என்பதை யாரும் பேசுவதில்லை. அதனால் அந்த ஏக்கம் வேறு வேஷத்தில் வெளியே வருகிறது. 'அவர்கள் அங்கே கஷ்டப்படுகிறார்கள், கூட்டி வர வேண்டும்' என்ற கவலையாகிவிடுகிறது. கவலையில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதில் பாதி உங்களுடைய ஏக்கம். அந்தப் பாதியை அதன் பெயரிலேயே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: "அம்மா, எனக்கு இந்த கிறிஸ்துமஸுக்கு நீங்க இல்லாதது ரொம்பக் கஷ்டமா இருக்கு. நீங்க திரும்பி வரணும்னு சொல்லல. கஷ்டமா இருக்குன்னு மட்டும் சொல்றேன்."

இதைச் சொன்னால் அம்மா உடைந்துவிடுவாரே என்று பயப்படுவீர்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. அம்மா ஏன் எழுந்து போய் முகம் கழுவுகிறார்? அவர் அழுதால் நீங்கள் டிக்கெட் போட்டுவிடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பான். கூட இருக்கும் அப்பா, தான்தான் இழுத்து வந்துவிட்டோமோ என்று குற்ற உணர்வில் சுருங்கிவிடுவார். ஒரு சொட்டுக் கண்ணீருக்கு இத்தனை விலை என்றால் யார்தான் எதிரில் அழுவார்கள்? அழுதாலும் யாரும் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை என்ற நம்பிக்கை அவருக்கு வர வேண்டும். நீங்கள் முதலில் அழுதால் அவருக்கு அது எளிதாகும்.

சரி, அந்த 25ஆம் தேதி விஷயத்துக்கு வருகிறேன். உங்களை அதிகம் உலுக்கியது அதுதான் என்று தெரிகிறது.

எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸ் இல்லாமல் இல்லை. நான்காம் நூற்றாண்டிலேயே அங்கிருந்த அக்சும் என்ற பழைய அரசின் மன்னர் எசானா கிறிஸ்தவராகி, அந்த விசுவாசம் அரசின் மதமான நாடு அது. நம் தரங்கம்பாடிக்கு 1706இல் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் வந்து இறங்கியதற்கு ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் முந்தைய கதை. அவர்களுடைய நாட்காட்டி வேறு என்பதுதான் விஷயம். முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்தோ ஆறோ நாள் மட்டும் கொண்ட பதின்மூன்றாவது மாதம். அவர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பர் 11இல் பிறக்கிறது. அந்தக் கணக்கில் கிறிஸ்து பிறப்பு நம் ஜனவரி 7ஆம் தேதி வரும். 'கென்னா' என்பார்கள். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபையாரும் அன்றைக்குத்தான் கொண்டாடுகிறார்கள், உங்கள் பெற்றோர் ஊழியம் செய்வது போன்ற சுவிசேஷ சபையாரும் அன்றைக்குத்தான்.

ஆகவே டிசம்பர் 25 காலையில் அப்பா சாக்பீஸோடு வகுப்பில் நிற்பார். மாணவர்களில் யாராவது "இன்றைக்கு உங்கள் ஊரில் பண்டிகை அல்லவா" என்று கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்த நாள் அவர்களுக்குக் கனமாகத்தான் இருக்கும், அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அந்த நாளில் அந்த நகரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் மனதிலுள்ள படம் மாறும். நவம்பர் 25 வாக்கிலிருந்தே ஆர்த்தடாக்ஸ் மக்கள் நாற்பத்து மூன்று நாள் உபவாசத்தில் இருப்பார்கள். இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் எதையும் தொடமாட்டார்கள். தெருவெங்கும் பருப்பும் கீரையும் கடலைமாவுக் குழம்பும்தான் மணக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நம் லெந்து உபவாச காலத்தைப் போல ஒரு காத்திருப்பு. நம் ஊரில் டிசம்பர் 1ஆம் தேதியே நட்சத்திரம் கட்டி, கேக் வெட்டி, 25 வருவதற்குள் பாதிக் களைப்பாகிவிடுகிறது. அங்கே அந்த வாரம் ஊரே காத்திருக்கிறது. உங்கள் பெற்றோர் அந்தக் காத்திருப்பின் நடுவில் இருக்கிறார்கள்.

அப்புறம் கென்னா வரும். முந்தின இரவு ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் வெள்ளை நெசவுத் துணி போர்த்திய கூட்டம் நள்ளிரவு தாண்டியும் நின்றபடியே ஆராதிக்கும். காலையில் உபவாசம் முடிந்து கோழிக் குழம்பு, அதில் முழு முட்டை. மிளகாய்ப் பொடி நம் ஆட்களே கண் கலங்கும் அளவுக்கு இருக்கும். அதற்கு இன்ஜெரா. தெஃப் என்ற சிறுதானிய மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்துப் பெரிய தட்டில் ஒரே பக்கமாகச் சுட்டெடுப்பது. ஆப்பம் சுட்டுப் பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது. எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுவார்கள். பிரியமானவர்களுக்கு ஒரு கவளத்தை உருட்டி வாயில் ஊட்டிவிடுவார்கள். 'குர்ஷா' என்று பெயர். உங்கள் அம்மா வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு ஊட்டியிருப்பார். யாரோ ஒரு எத்தியோப்பியப் பெண் அவருக்கு ஊட்டிவிடும் நாள் ஜனவரி 7ஆக இருக்கலாம், அதற்கு முன்பே நடந்தும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

காப்பியைப் பற்றியும் கேளுங்கள். தஞ்சாவூர்க்காரரிடம் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே விருந்தாளி வந்தால் தரையில் பச்சைப் புல் பரப்பி, பச்சைக் கொட்டையைக் கண்ணெதிரே கரி அடுப்பில் வறுத்து, இடித்து, கழுத்து நீண்ட மண் கூஜாவில் காய்ச்சுவார்கள். பக்கத்தில் சாம்பிராணி புகையும், கொறிக்கச் சோளப்பொரி இருக்கும். மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவதற்கு 'பெரெக்கா' என்று பெயர், ஆசீர்வாதம் என்று அர்த்தம். முதல் கப்போடு எழுந்து போவது மரியாதையில்லை. ஒரு மணி நேரம், சில நேரம் இரண்டு மணி நேரம்கூட ஆகும். வயதானவர்கள் உள்ளே வந்தால் இளையவர்கள் எழுந்து நிற்கும் நாடு அது. பெயர் வைப்பதில்கூட நம்மைப் போலத்தான், தன் பெயரோடு அப்பா பெயர், குடும்பப் பெயர் கிடையாது. 66 வயதில் போன ஆசிரியருக்கு அங்கே கிடைக்கும் மரியாதை, ஓய்வு பெற்றபின் நம் ஊரில் கிடைத்ததைவிட ஒருவேளை அதிகமாகவே இருக்கும். அப்பாவின் "சூப்பரா இருக்கோம்" முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இங்கேதான் பிள்ளைகள் அறியாமல் ஒரு தவறு செய்கிறார்கள். வெளிநாட்டில் ஊழியம் செய்யும் பெற்றோர் நம் டிசம்பரையே அங்கேயும் வாழ வேண்டும் என்று போன் வழியாக இழுத்துக்கொண்டே இருப்போம். "கேரல் ரவுண்ட்ஸ் வந்தாங்க பாருங்க, ஸ்டார் பாருங்க, கேக் பாருங்க" என்று ஒரு நாளைக்கு ஐந்து வீடியோ அனுப்புவோம். எல்லாம் அன்பில் செய்வதுதான். வாங்குகிற பக்கத்தில் அது 'நீங்கள் இல்லாத இடம் இது' என்று திரும்பத் திரும்பக் காட்டுவதாக ஆகிவிடுகிறது. அதே பெற்றோர் ஜனவரி 7 அன்று சந்தோஷமாகப் படம் அனுப்பினால், நாம் பள்ளி திறந்த பரபரப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அவர்களுடைய துக்க நாளில் அதிகமாகவும் சந்தோஷ நாளில் குறைவாகவும் நிற்கிறோம். இந்த வருடம் இதைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். 25க்கு ஒரே ஒரு நல்ல அழைப்பு போதும். 7ஆம் தேதிக்கு வீட்டில் ஏதாவது செய்யுங்கள். ஒரு கோழிக் குழம்பு வைத்து முட்டை போட்டால்கூடப் போதும்.

அழைக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், நாம் முன்னால். நம் ஆலயத்தில் அதிகாலை நாலரை மணிக்கு ஆராதனை தொடங்கும்போது அங்கே இரவு இரண்டு மணி. 'லைவ்ல பாருங்கப்பா' என்று எழுப்பாதீர்கள். அப்பாவுக்கு அன்றைக்கு வகுப்பு இருக்கிறது. நம் நேரம் இரவு ஒன்பது என்றால் அங்கே மாலை ஆறரை. வேலை முடிந்து, விளக்கு வைத்து, தனிமை வந்து உட்காரும் நேரம் அது. அப்போது அழையுங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு "ஹேப்பி கிறிஸ்துமஸ்" சொல்லி முடிக்காமல், மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து இரண்டு கீர்த்தனை பாடுங்கள். அம்மாவுக்குப் பிடித்ததை அம்மாவே எடுத்துக் கொடுக்கட்டும். பேசுவதைவிடப் பாடுவது அழுகையை எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

ஒருவேளை அன்று இணைப்பே கிடைக்காமலும் போகலாம். அந்த நாட்டில் இணையம் முன்பு நின்றிருக்கிறது. 2020 ஜூலையில் மூன்று வாரம்போல நாடு முழுவதும் துண்டிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் சத்தமில்லை என்றால் யாரைக் கேட்பது என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். கல்லூரி அலுவலகத்தின் சாதாரண தொலைபேசி எண்ணும், அங்குள்ள இந்தியத் தூதரக எண்ணும் உங்களிடமும் அண்ணனிடமும் இருக்கட்டும்.

நான் கவலைப்படுவது 25ஐப் பற்றியல்ல, டிசம்பர் 31 இரவைப் பற்றி. இதைப் பல குடும்பங்கள் எதிர்பார்ப்பதே இல்லை. கிறிஸ்துமஸாவது அங்கே பதின்மூன்று நாள் தள்ளி வந்துவிடும். நம் புத்தாண்டு வராது. அவர்களுடையது செப்டம்பரில் மஞ்சள் பூக்களோடு முடிந்துவிட்டது. ஜனவரி 1 அங்கே சாதாரண நாள். நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு வருடக் கடைசி இரவு ஆராதனை எவ்வளவு ஆழமானது என்று உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு அடிக்கும்போது முழங்காலில் இருப்பது, அப்புறம் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டையை, அந்த வருடத்துக்கான வேத வசனம் எழுதிய அட்டையை, எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பது. அறுபது வருடமாகச் செய்ததை முதல் முறையாகச் செய்யாத இரவு அது. என் அனுபவத்தில் வயதான ஊழியத் தம்பதியர் அதிகம் தளர்ந்துபோவது அன்றைக்குத்தான். ஆகவே இந்த வாரமே ஆலயத்தில் கேட்டு, புது வருட வாக்குத்தத்த அட்டைகளில் ஐந்தாறை யாரும் படிக்காமல் ஒரு உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். போய்ச் சேரத் தாமதமாகும் என்றால் வேறு வழி இருக்கிறது. 31ஆம் தேதி இரவு உங்கள் மகன் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக் காமிராவில் காட்டட்டும். தாத்தா "மூணாவது" என்று சொன்னால் மூன்றாவதைத் திருப்பிப் படித்துக் காட்டட்டும். அதற்கு நள்ளிரவுவரை விழித்திருக்க வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கே செய்யலாம்.

அம்மாவுக்கு இன்னொன்று. இத்தனை வருடமும் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்தது யார்? எழுதவில்லை, ஆனாலும் அம்மாதான் என்று நினைக்கிறேன். இந்த வருடம் நீங்களே எடுத்துவிட்டு "பாருங்கம்மா, நல்லாருக்கா" என்று காட்டினால், கொடுத்துக்கொண்டிருந்த கை காலியாகிவிடும். கடைக்குப் போகும்போது வீடியோவில் அவரை அழைத்துப் பேரன் பேத்திகளுக்கு அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பணமும் அவர் பென்ஷனிலிருந்தே போகட்டும், தடுக்காதீர்கள். அண்ணன் குழந்தைக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். (பென்ஷன் என்றதும் நினைவுக்கு வருகிறது: வருடாந்திர நேர்காணலுக்கு நேரில் வர முடியாதவர்கள் இந்தியத் தூதரக அதிகாரியிடம் உயிர்வாழ் சான்று வாங்கி அனுப்ப வழியிருக்கிறது. எந்த மாதம், எந்தப் படிவம் என்று கருவூலத்தில் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.)

அண்ணனைப் பற்றி நான் சொல்வது உங்களுக்கு முழுதாகப் பிடிக்காமல் போகலாம். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் பேரப்பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்வார் என்பது எழுதாத ஒப்பந்தம். அதை நம்பித்தான் மருமகள்கள் வேலைக்குப் போகிறார்கள். உங்கள் பெற்றோர் அந்த ஒப்பந்தத்தை முறித்தார்கள், போவதற்கு முன் உட்கார்ந்து பேசினார்களா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. பேசாமல் போயிருந்தால் அது அவர்களுடைய பிழை. ஊழியம் என்ற சொல் அந்தப் பிழையை மூடிவிடாது. அதே சமயம், 63 வயதுப் பெண்ணின் மீதி வாழ்க்கை முழுவதும் பேரப்பிள்ளைகளுக்கென்று எழுதி வைக்கப்பட்டது என்று அண்ணன் நினைத்தால் அதுவும் சரியில்லை. முப்பது வருடம் இரவுப் பணி பார்த்த நர்ஸ் அவர். தானாக விரும்பி எடுத்துக்கொண்ட முதல் இரண்டு வருடம் இதுவாக இருக்கலாம்.

இதில் நடுவராக இருக்காதீர்கள். அண்ணனுக்கு வேண்டியது ஊழியத்தின் மகிமையைப் பற்றிய விளக்கம் அல்ல. "அண்ணி வேலைக்குப் போற முதல் மாசம் நான் சனிக்கிழமை வந்து பாத்துக்கிறேன்" என்று உங்களால் முடிந்தால் சொல்லுங்கள். அப்பாவிடம் தனியாக ஒன்று சொல்லுங்கள்: "அண்ணன்கிட்ட நீங்களே பேசுங்கப்பா. சொல்லாம முடிவெடுத்ததுக்கு வருத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்." ஒரு தலைமையாசிரியருக்கு இது கஷ்டமான வேலை. ஆனாலும் செய்வார்.

உறவினர் பேச்சுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்னக்கல் பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்பியபோதும் இப்படித்தான் பேசியிருப்பார்கள்.

இனி, வருவதா போவதா.

அவர்களை இந்த டிசம்பரில் வரவழைக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. போய் நான்கு மாதம்தான் ஆகிறது. பழகும் காலத்தில் இது மிகத் தாழ்வான இடம். புதுமை தீர்ந்திருக்கும், மொழி இன்னும் வந்திருக்காது. இந்த நேரத்தில் பத்து நாள் ஊருக்கு வந்தால், திரும்பிப் போவது முதல் முறை போனதைவிட இரண்டு மடங்கு கடினமாக இருக்கும். கென்னாவையும் அவர்கள் அரைகுறையாகத்தான் பார்ப்பார்கள். உடம்பு சரியில்லை என்றாலோ வீட்டில் அவசரம் என்றாலோ அது வேறு, அப்போது யோசிக்கவே வேண்டாம், கிளம்பி வரட்டும்.

நீங்கள் போவது? போகலாம், ஆனால் இப்போது வேண்டாம். அரையாண்டு விடுமுறை ஜனவரி முதல் சில நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது, கென்னா அதற்கு அப்புறம்தான். நீங்கள் போகும் நாட்களில் அப்பாவுக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும். முழு ஆண்டு விடுமுறையில் போங்கள். நம் ஊரில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது அங்கே ஊட்டி மாதிரி இருக்கும். அடிஸ் அபாபா ஊட்டியையும்விடக் கொஞ்சம் உயரம், சுமார் 2,350 மீட்டர். முதல் இரண்டு மூன்று நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். உயரத்தாலேயே அந்த நகரத்தில் மலேரியா பயம் இல்லை, ஆனால் பள்ளத்தாக்குப் பகுதிகளுக்கு இறங்கினால் உண்டு. லாலிபெலாவின் பாறைக் கோயில்களைப் பார்க்க ஆசை வரும், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அது அம்ஹாரா பகுதியில் இருக்கிறது, 2023இலிருந்து அங்கே சண்டை. தூதரகத்தின் அறிவுரையைப் பார்க்காமல் சின்னப் பிள்ளைகளோடு நகரத்தைத் தாண்டாதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் அதன் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஒன்பது மாதம் நிறைந்த குழந்தையிலிருந்து எல்லோருக்கும் இது பொருந்தும், ஆகவே உங்கள் மகளுக்கும் வேண்டும். சாதாரண கிளினிக்கில் போட முடியாது. சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட் போல அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான் போடுவார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், பாலூட்டுதல் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசி பற்றித் தனியாக யோசிக்க வேண்டும், உங்கள் பெற்றோர் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். அவர்களுடைய மஞ்சள் அட்டை, அதாவது அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ், பத்திரமாக இருக்கிறதா, அதன் நகல் உங்கள் போனில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அவசரமாகத் திரும்ப வேண்டி வந்தால் முதலில் தேடுவது அதைத்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் இந்த மாதம் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். 'தெஃப் சிறுதானியம்தானே, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்' என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். இன்ஜெராவும் மாவுச்சத்துதான், ஒரு இன்ஜெரா நம் தோசைகள் சிலவற்றுக்குச் சமம். டிசம்பர் இரவுகள் அங்கே ஏழெட்டு டிகிரிவரை இறங்கும். காலையில் அம்மா ஸ்வெட்டர் இல்லாமல் பாலர் பள்ளிக்குப் போகிறாரா என்று பாருங்கள். தஞ்சாவூர்க்காரர்கள் ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள்.

பார்சல் அனுப்புவதானால் பெரிதாக வேண்டாம். ஒரு டப்பா அதிரசம், ஒரு டப்பா அச்சு முறுக்கு, மடித்து வைக்கிற காகித நட்சத்திரம் ஒன்று. வாக்குத்தத்த அட்டை உறை. யாராவது நேரில் போகிறவர்கள் கிடைத்தால் அவர்கள் கையில் கொடுப்பதே நல்லது. பலகாரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வையுங்கள், அம்மா பக்கத்து வீட்டுக் காப்பிக்கு எடுத்துக்கொண்டு போவார்.

உங்கள் மகனுடைய கேள்விக்கு வருகிறேன். "தாத்தா ஊர்ல கிறிஸ்துமஸ் உண்டு, நமக்கு அப்புறம் பதின்மூணு நாள் கழிச்சு வரும்" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்பான். ரொம்ப காலத்துக்கு முன்னால், 1582இல், ரோமில் போப் கிரெகரி பழைய காலண்டரில் பிழை இருக்கிறது என்று பத்து நாளைத் தள்ளிவிட்டார், எத்தியோப்பியர்கள் தங்கள் பழைய கணக்கையே வைத்துக்கொண்டார்கள், அந்த இடைவெளி வளர்ந்து இப்போது பதின்மூன்று நாளாகிவிட்டது என்று சொன்னால் ஏழு வயதுக்குப் புரியும். புரியாவிட்டால் வீட்டிலுள்ள தினசரித் தாள் காலண்டரைக் காட்டுங்கள். டிசம்பர் 25உம் மார்கழிதான், ஜனவரி 7உம் மார்கழிதான். நம் கணக்கில் இரண்டு பண்டிகையும் ஒரே மாதத்தில்தான் வருகின்றன.

25ஆம் தேதியிலிருந்து தாள் கிழிக்கும் வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள். பழைய காலண்டரில் ஏழு தாள், புதுக் காலண்டரில் ஆறு தாள். ஜனவரி 7 அன்று பள்ளி இருக்கும், ஆகவே மாலை ஏழரைக்கு அழைக்கச் சொல்லுங்கள். அங்கே ஐந்து மணி, விருந்து முடிந்து காப்பி வறுக்கும் நேரமாக இருக்கும். "மெல்கம் கென்னா, தாத்தா" என்று சொல்ல அவனுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள். தாத்தாவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.